பெரியம்மா மடி

யார் என்ன சொன்னாலும் சரி, இன்றைக்கு அந்த மணையில் உட்காரப்போவது நான்தான் என்று ஐந்தருவித் தண்ணீருக்கு அடியில் நின்றுகொண்டு வடிவு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாய்விட்டேதான் சொன்னாள், அருவி இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கேட்காது, அந்த ஒரு வசதிக்காகவே ஆயுசு முழுக்கக் குற்றாலத்துக்கு வரலாம். உச்சந்தலையில் தண்ணீர் மொத்துமொத்தென்று மொத்தியது. நான்தான், நான்தான். தொடையைக் கட்டிக்கொண்டு நின்ற இனியன் அண்ணாந்து ஏதோ கத்தினான், குனிந்து காதைக் கொடுத்தால், "பெரியம்மா, காதுல தண்ணி போயிட்டு!" காது. ஆமாம், அந்தக் காதுக்குத்தான் இத்தனை பாடும். தங்கச்சி கோமதியின் இளையவன் இவன், ஐந்து வயது. மொட்டை எல்லாம் திருச்செந்தூரில் முன்னமே போட்டாச்சு, காது மட்டும் பாக்கி. இன்றைக்குக் காலையில் சாஸ்தா கோவிலில் குத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும், அதுதான் முறை, அதில் யாருக்கும் மறுபேச்சு கிடையாது. ஆனால் கோமதிக்கு உடன்பிறந்தான் இல்லை. உடன்பிறந்தவள் ஒருத்திதான் இருக்கிறாள், அவள் வடிவு, அம்பாசமுத்திரத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர், கட்டினவனை விட்டு வந்தவள், வாய்க்காரி என்று பெயரெடுத்தவள். போகட்டும். மாமன் இல்லாத பிள்ளைக்குப் பெரியம்மா உட்கார்ந்தால் காதில் ஓட்டை விழாதா என்ன? விழும். விழாமல் எங்கே போகும்? அவள் இனியனின் மொட்டைத் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் ஒரு முக்கு முக்கி எடுத்தாள், அவன் மூச்சு முட்டிச் சிரித்தான்.

நேற்று சாயங்காலம் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக என்றால், ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து அதில் கோமதி குடும்பம், அவள் நாத்தனார் குடும்பம், மாமியார், நாலு பையன்கள், ஒரு மூட்டை ஈரத்துணி, இத்தனையும் ஒரே குளியலறையோடு குடித்தனம் நடத்தினால் எவ்வளவு சரியாக இருக்குமோ அவ்வளவு. பையன்கள் மங்குஸ்தான் தோலை எறிந்து எறிந்து சுவரெல்லாம் கருஞ்சிவப்பு. மூத்தவன் ஆதவன் குரங்குக்குச் சிப்ஸ் காட்டப்போய் அது பாக்கெட்டோடு பிடுங்கிக்கொண்டு ஓட்டுமேல் ஏறி உட்கார்ந்து அவனைப் பார்த்துப் பார்த்துத் தின்றது, அந்தப் பயல் அழுத அழுகை இருக்கிறதே! வடிவுதான் விசிலை ஊதி எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்தாள்; விசில் எப்போதும் கைப்பையில் இருக்கும், அது இல்லாமல் வெளியே போனால் தாலி இல்லாமல் போனமாதிரி என்று ஒருநாள் சொல்லப்போய், அது கழட்டி பல வருசம் ஆச்சே என்று தானே சிரித்துக்கொண்டவள். சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் ஆட்டோவில் செல்லத்துரை வந்து இறங்கினான், கையில் தோல்பை, முகத்தில் பவுடர். பெரியப்பா மகன், ஒன்றுவிட்ட அண்ணன். "கோமதி போன் போட்டா, அதான் வந்துட்டேன்" என்றான். வடிவு கோமதியைப் பார்த்தாள். கோமதி அடுப்பைப் பார்த்தாள். "சும்மா ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டேன்க்கா, கூட ஒரு ஆள் இருக்கட்டுமேன்னு" என்று பிறகு பாத்திரம் கழுவுகிற இடத்தில் வைத்து முணுமுணுத்தாள். ஒரு மாசத்துக்கு முன்னால் போனில், இந்தத் தடவை நான்தான்டி உக்காருவேன் என்று சொன்னபோது சரிக்கா, சரிக்கா என்று சொன்ன அதே வாய். அந்தச் சரிக்காவில் ஒரு இழுப்பு இருந்தது, அதை அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கத்தான் செய்தது. கேட்காத மாதிரி இருந்துகொண்டேன், என்ன செய்ய.

அருவியிலிருந்து கோவிலுக்குப் போகிற வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் செல்லத்துரை. அவனுக்குப் பின்னால் மாமியார் பிச்சம்மாள், கோமதி, கோமதி வீட்டுக்காரர் நெல்லையப்பன், அடுத்த சீட்டில் நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும். கடைசி சீட்டில் வடிவும் நாலு பயல்களும். ஈரத்துண்டு வாடை, எண்ணெய் வாடை, மிளகாய் பஜ்ஜி வாடை, ஜன்னல் வழியே சாரல். செல்லத்துரை கையை சீட்டுக்கு மேலாகப் போட்டிருந்தான், அந்தக் கையில் மோதிரம். அட, அந்த மோதிரமேதான். வடிவு கல்யாணத்தில் மச்சினன் மோதிரம் என்று மாப்பிள்ளை வீட்டார் போட்டது. மணமேடையில் பொரியிட அண்ணன்காரன் வேண்டும் என்று அப்பா அவனைத்தான் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். கல்யாணம் நிற்கவில்லை, மோதிரம் நின்றுவிட்டது! அந்த வீட்டை விட்டு ஒரு பெட்டியோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியபோது மோதிரக்காரன் எங்கே இருந்தானோ. பஸ் ஸ்டாண்டில் காத்துக்கொண்டு நின்றது கோமதி, காலேஜுக்குப் போகிற பிள்ளை, பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, "வாக்கா, சோறு வச்சிருக்கேன்" என்றாள், வேறே ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைப்போய் நான் எப்படிக் கோபிக்க. செல்லத்துரையையும்தான் எப்படிக் கோபிக்க, வாயில்லாப் பூச்சி, கூப்பிட்டால் வருவான், நிற்கச் சொன்னால் நிற்பான். அப்பா செத்தபோதும் வந்தான். இரண்டு வருசம் படுக்கையில் கிடந்த மனிதருக்குப் பீ மூத்திரம் அள்ளியது யார், கடைசிச் சொட்டுப் பால் ஊற்றியது யார், ஆனால் கொள்ளிச்சட்டி என்றதும் ஆண்பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். அவன் கோவில்பட்டியிலிருந்து வந்து சேரும்வரை அப்பாவை வெயிலில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் தூக்குகிறேன் என்று வடிவு சொல்ல நினைத்தாள். நாக்கு நுனி வரை வந்தது. தெருமுனை வரைக்கும் வந்து நின்றுகொண்டாள், பொம்பளைகள் அதற்கு மேல் போகக்கூடாது. நாக்கு நுனி. இப்போதும் அந்த இடத்தில் ஏதோ உறைக்கிறமாதிரி இருந்தது, பஜ்ஜி மிளகாயாக இருக்கும் என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

அத்தை சொன்னதுதான் போக மாட்டேன் என்கிறது. பிச்சம்மாள் அத்தை மூஞ்சிக்கு நேராக எதையும் சொல்கிற ஆள் இல்லை, சுவரைப் பார்த்துத்தான் சொல்லும். நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலையைத் தடவிக்கொண்டு சுவரிடம் சொன்னது: "பெரியம்மான்னா தாய் முறைல்லா. தாய் மடி வேற, மாமன் மடி வேற. தாய் மடியில வச்சுக் குத்தணும்னா கோமதியே வச்சுக்கிடலாமே, மாமன் எதுக்கு?" ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று எத்தனையோ பேச்சைத் தட்டிவிட்டிருக்கிறாள் வடிவு, வாழாவெட்டி என்றார்கள், தட்டிவிட்டாள், மைதானத்தில் பேண்ட் போட்டுக்கொண்டு ஓடுகிறாள் என்றார்கள், இன்னும் வேகமாக ஓடினாள். இது அப்படித் தட்டிவிடுகிற பேச்சாக இல்லை, இதில் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை. தாய் முறை. ஆமாம், முறைப்படி பார்த்தால் இனியன் எனக்கு மகன். பெரியம்மா என்கிற சொல்லிலேயே அம்மா இருக்கிறாள். மாமன் என்றால் வெளியிலிருந்து வருகிறவன், சீர் கொண்டு வருகிறவன், நாளைக்குப் பெண் கொடுக்கிறவன். என்னிடம் கொடுக்கப் பெண்ணும் இல்லை. அப்படியானால் அத்தை சொல்வது சரியா? சரியில்லை. ஏன் சரியில்லை? தெரியவில்லை. வேன் ஒரு வளைவு திரும்பியது, பயல்கள் நாலு பேரும் வேண்டுமென்றே அவள்மேல் சாய்ந்து நசுக்கினார்கள், "ஏல, எலும்பு முறிஞ்சிரும், தள்ளுங்கலே" என்று கத்தினாள், மறுவளைவில் இன்னும் பலமாக நசுக்கினார்கள். தாய் முறை. ஆதவனுக்குக் குத்தினபோது என்ன முறை? கம்மல் எடுத்தது வடிவு, சட்டை எடுத்தது வடிவு, தட்டு வரிசை முழுக்க அவள் எடுத்து அடுக்கினது; மாலையைப் போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்தது செல்லத்துரை. அவள் பின்னால் வெல்லம் போட்டுக் காப்பரிசி கிளறிக்கொண்டு நின்றாள், பிள்ளை வீரிட்ட சத்தம் மட்டும் காதில் விழுந்தது, கரண்டியோடு ஓடி வந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் போட்டோ கோமதி வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. அதில் வடிவு இல்லை. போட்டோவில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, போட்டோவுக்காகவா இந்த மல்லுக்கட்டு? இல்லை. பின்னே எதற்கு? அந்தப் பிள்ளை அலறுகிற நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்பதற்கு. அவ்வளவுதான். அதை எப்படி ஒரு சுவரிடம் சொல்ல.

இதெல்லாம் போகட்டும், பயம் எதில் என்று உள்ளே துழாவிப் பார்த்தால் அத்தையில் இல்லை. இந்தப் பொடியனில். எல்லாரையும் தள்ளிவிட்டுப் போய் உட்கார்ந்த பிறகு இவன் வரமாட்டேன், மாமா மடிதான் வேணும் என்றால்? பிள்ளைகள் அப்படித்தான், நேற்று வந்த செல்லத்துரை வாங்கிக் கொடுத்த பலூன் இன்னும் இவன் கையில் இருக்கிறது, காற்று போய்ச் சுருங்கினதைக்கூட விட மாட்டேன் என்கிறான். "இனியா, இன்னைக்கு நீ எங்க உக்காரப் போற?" என்று மெல்லக் கேட்டாள். "ஜன்னல் பக்கத்துல" என்றான் அவன். "இப்ப இல்லலே, கோவில்ல." "கோவில்லயும் ஜன்னல் பக்கத்துல." ஆதவன் குறுக்கே விழுந்தான்: "ஏய், ஒனக்குக் காது குத்தப் போறாங்க. இவ்ளோ பெரிய ஊசி. ரத்தமா வரும். நான் அழவே இல்ல தெரியுமா?" பொய்யன், அழுது தெருவையே கூட்டினவன்! இனியன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது, பலூனை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். "வலிக்குமா பெரியம்மா?" வலிக்காதுடா கண்ணு, எறும்பு கடிக்கிறமாதிரி இருக்கும் என்பதுதான் எல்லாரும் சொல்கிறது. மைதானத்தில் முட்டி கிழிந்து வருகிற பிள்ளைகளிடம் வடிவு அப்படிச் சொன்னதே இல்லை; டிங்சர் வைக்கும்போது எரியும் என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். "வலிக்கும்" என்றாள். "நல்லா வலிக்கும். அப்புறம் போயிரும்." முன் சீட்டிலிருந்து அத்தை திரும்பாமலே, "பச்சப்பிள்ளைட்ட இப்பிடியா சொல்லுதது?" என்று முன்னால் இருந்த சீட்டிடம் சொன்னது.  இனியன் மெல்ல நகர்ந்து வடிவின் கக்கத்துக்குள் நுழைந்துகொண்டான். அவன் மொட்டைத் தலையில் இன்னும் அருவிக் குளிர்ச்சி இருந்தது. முன் வைத்த காலைப் பின் வைப்பதில்லை, வடிவு, என்று அவள் தன் பெயரைச் சொல்லியே சொல்லிக்கொண்டாள், மனசு சொன்னபடி கேட்கிறதா என்று பார்த்தாள், முக்கால்வாசி கேட்டது.

கோவில் வயலுக்கு நடுவே. சாஸ்தாவுக்கு ஓட்டுக் கூரை, முன்னால் ஒரு தகரப் பந்தல், பந்தலுக்குக் கீழே ஜமுக்காளம் விரித்து ஆசாரி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார், அவருக்கு இதற்குப் பிறகு செங்கோட்டையில் வேறொரு குத்து இருக்கிறதாம், அவசரப்படுத்தினார். பூசாரி சூடம் காட்டினார், திருநீறு கொடுத்தார். பயல்கள் பந்தல் கம்பைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். செல்லத்துரை தோல்பையிலிருந்து புது வேட்டியை எடுத்து உதறிக் கட்டிக்கொண்டான், மாலையை இலையிலிருந்து பிரித்தான். கோமதி பிள்ளைக்குப் பட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவேயில்லை, பட்டனை மாற்றிப் போட்டுவிட்டுக் கழற்றி மறுபடி போட்டாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாமியார் பக்கம் நின்றால் அக்காளுக்குத் துரோகம், அக்காள் பக்கம் நின்றால் ஊருக்குப் போன பிறகு ஒரு வருசத்துக்குச் சுவர்கள் பேசும். "மாமன் யாருங்க, வந்து உக்காருங்க" என்றார் ஆசாரி. இப்போது. இந்த நொடி. நாக்கு நுனியில் நிறுத்தினால் இதுவும் போய்விடும், தெருமுனையில் நிற்கிற கால் நின்றுகொண்டேதான் இருக்கும். கால் நடந்தது. அவள் நடக்கச் சொன்னாளா, தானாக நடந்ததா, அது அவளுக்கே தெரியாது; செல்லத்துரை மாலையைக் கழுத்தில் போட்டு இழுத்துச் சரிசெய்து திரும்புவதற்குள் வடிவு மணையில் சம்மணம் கூட்டி உட்கார்ந்திருந்தாள். பந்தல் கம்பைச் சுற்றிய பயல்கள்கூட நின்றுவிட்டார்கள். அத்தைக்குப் பார்க்கச் சுவர் இல்லை, திறந்த பந்தல். முதல் தடவையாக நேராக முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. "வடிவு, நீ பெரியம்மா. தாய் முறை. உனக்குத் தெரியாததா?" குரலில் கோபம்கூட இல்லை, பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்கிற நடுக்கம்தான் இருந்தது. அதைக் கேட்டதும் வடிவுக்கு ராத்திரி முழுக்க அகப்படாமல் இருந்தது சட்டென்று கையில் அகப்பட்டது. "தாய் முறைதான் அத்தை, இல்லைங்கல. ஆனா மாமன் மடின்னா என்ன? தாய்க்குப் பிறந்த வீடு உக்காந்து இருக்குன்னுதானே அர்த்தம்? இவன் பிறந்தது எந்த வீட்டுல? கோமதி பிரசவத்துக்கு வந்தது எந்த வீட்டுக்கு? என் வீட்டுக்கு. எங்க அம்மையும் இல்ல, அப்பாவும் இல்ல. கோமதிக்குப் பிறந்த வீடு நான்தான். வீடு உக்காந்துட்டு. பிள்ளையைக் கொடுங்க." நெல்லையப்பன் தொண்டையைச் செருமினார். "மதினி சொல்லுததும் சரியாத்தான் இருக்கு" என்று தரையைப் பார்த்துச் சொன்னார், அம்மாவைப் பார்க்கவில்லை. "எனக்குக் காது இருந்தாப் போதும், யாரு மடியா இருந்தா என்ன, நேரமாகுது" என்றார் ஆசாரி. "மாலையைப் போட்டுட்டேனே, கழட்டவா?" என்று செல்லத்துரை யாரிடமோ கேட்டான். அத்தை பந்தல் கம்பைப் பார்த்தது. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கோமதிதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், அக்காள் மடியில் இறக்கினாள், இறக்கும்போது அவள் விரல் ஒருதரம் வடிவின் முழங்கையை அழுத்தியது.

பாரம். இவ்வளவு பாரமா இந்தப் பயல்? அருவியில் தூக்கினபோது தெரியவில்லை. ஒரு கையில் வாழைப்பழம், வாயில் காப்பரிசி அடைத்துக்கொண்டு மென்றான், சுற்றி நிற்கிறவர்களை ராஜா மாதிரிப் பார்த்தான். ஆசாரி இரண்டு காதிலும் சந்தனப் பொட்டு வைத்துத் தள்ளியிருந்து ஒருதரம் பார்த்துக்கொண்டார். "தலையை நல்லாப் பிடிங்கம்மா." வடிவு இடது கையால் அவன் இரண்டு கையையும் சேர்த்து அணைத்து, வலது கையால் தலையைத் தன் மாரோடு அழுத்தினாள். ஆசாரி கை வந்தது, போனது. ஒரு கணம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு இனியன் வாயிலிருந்த அரிசியெல்லாம் சிதற வீரிட்டான், அந்தச் சத்தம் அவள் நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்தது. கரண்டியோடு நின்ற இடத்தில் கேட்டபோது இது இப்படி இல்லை. "விடு பெரியம்மா! என்னை விடு! விடு!" அம்மாவைக் கூப்பிடவில்லை, மாமாவைக் கூப்பிடவில்லை, அவளைத்தான், அவளிடமிருந்து விடுபட அவளிடமே. கைகால் எல்லாம் முறுக்கிக்கொண்டு திமிறினான், கையை உருவ முடியாமல் தலையைத் தாழ்த்தி அவள் முன்னங்கையில் பல்லைப் பதித்தான், நறுக்கென்று இறங்கியது. மாமன் என்றால் சீரும் மாலையும் போட்டோவும் என்றுதானே இத்தனை வருசமாகச் செல்லத்துரை மேல் பொறாமைப்பட்டேன், இதுதானா அது? பிள்ளை என்னை வெறுக்கிறான், இந்த நொடியில் உலகத்திலேயே என்னைத்தான் வெறுக்கிறான். "போதும்க்கா, போதும், இன்னொரு நாள் பாத்துக்கிடலாம்" என்று கோமதி அழுதுகொண்டே கையை நீட்டினாள். "ஒரு காது போதும் மதினி, விடுங்க" என்றார் நெல்லையப்பன். "பிள்ளைக்கு மூச்சடைச்சிரப் போவுது, விடுட்டி அவனை" என்று அத்தையும் குனிந்து வந்தது, முறை எல்லாம் மறந்துபோய். எல்லாரும் ஒரே பேச்சாகச் சொன்னார்கள், நல்லவர்களாகத்தான் சொன்னார்கள், விட்டால் எல்லாருக்கும் நல்லவள் ஆகிவிடலாம். வடிவின் கைகளுக்கும் விடத்தான் ஆசை, விரல்கள் தளர்ந்ததை அவளே உணர்ந்தாள். விட்டால் இன்னொரு நாள் இவனை மறுபடி இதே பயத்தோடு யாரோ தூக்கிக்கொண்டு வருவார்கள், இன்றைக்குத் தெரியாமல் வந்தான், அன்றைக்குத் தெரிந்தே வருவான். விரல்களை மறுபடி இறுக்கினாள். கண்ணீர் வந்தது, துடைக்கக் கை இல்லை. "ஆசாரியாரே, இந்தக் காதையும் குத்துங்க" என்றாள். "நான் பிடிச்சிருக்கேன்."

முடிந்தது என்று ஆசாரி சொன்னதும் அவள் கையைத் தளர்த்தினாள். கோமதி பாய்ந்து வந்து மண்டியிட்டு, "வா தங்கம், அம்மாட்ட வா" என்று இரண்டு கையையும் விரித்தாள். இனியன் விக்கி விக்கி அம்மாவைப் பார்த்தான், இரண்டு காதிலும் பொடிக் கம்மல் மின்னியது. போகவில்லை. வடிவு மடியிலேயே திரும்பி உட்கார்ந்து, பல்தடம் சிவந்து கிடந்த அதே கையை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டான்.